பக்கத்துப் பக்கத்து அறைகள்

1958-இல் ஒரு கண் மருத்துவ இதழில் வந்த கட்டுரையின் தலைப்பை இப்போது படித்தாலும் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். விழித்திரையில் நிறமி படிதல், கண்ணை அசைக்கும் தசைகள் செயலிழத்தல், முழுமையான இதய அடைப்பு என்று மூன்றையும் வரிசையாக அடுக்கிவிட்டு, இது வழக்கத்துக்கு மாறான ஒரு நோய்த் தொகுப்பு என்கிறது அந்தத் தலைப்பு. எழுதியவர்கள் இரண்டு பேர். தாமஸ் கேர்ன்ஸ் கண் மருத்துவர். ஜார்ஜ் சேயர் திசுக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் மருத்துவர். இடம், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்ற ஊரிலிருக்கும் மேயோ கிளினிக். அவர்கள் விவரித்த நோயாளிகளும் இரண்டே பேர்தான். அதிலும் ஒருவருடைய திசுக்களை மட்டும்தான் சேயரால் பார்க்க முடிந்தது.

கண் டாக்டர் எழுதிய கட்டுரைக்குள் இதயம் எப்படி வந்தது? இதற்கு ஒழுங்கான பதில் கிடைக்க முப்பது வருஷம் ஆனது. நான் சொல்லப்போவது அந்த முப்பது வருஷத்தின் கதை. கூடவே, அதே வருஷங்களில், கிட்டத்தட்ட அதே ஊர்களில் பிறந்த ஒரு சின்ன எலக்ட்ரானிக் கருவியின் கதையும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வளர்ந்தன. நடுவிலிருந்த கதவைத் திறக்க வேண்டும் என்று ரொம்ப நாள் யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் 'அடைப்பு' என்ற சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நம் வீடுகளில் "ஹார்ட்ல மூணு பிளாக்காம்" என்றால் அது ரத்தக்குழாய் அடைப்பு. பிளம்பிங் சமாச்சாரம். இங்கே பேசுவது வயரிங். இதயத்தின் வலது மேல் அறையில் ஒரு சின்னத் திசு முடிச்சு இருக்கிறது. 1907-இல் இங்கிலாந்தில் கீத், ஃப்ளாக் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு துடிப்பும் அங்கேதான் மின்சாரமாகத் தொடங்குகிறது. அது மேல் அறைகளுக்கும் கீழ் அறைகளுக்கும் நடுவிலிருக்கும் இன்னொரு முடிச்சுக்கு வரும். ஜெர்மனியின் மார்பர்க் நகரில் படித்துக்கொண்டிருந்த சுனாவோ தவாரா என்ற ஜப்பானியர் 1906-இல் விவரித்த முடிச்சு அது. அங்கிருந்து ஹிஸ் கற்றை என்ற மெல்லிய இழை வழியாக இறங்கி, இரண்டாகப் பிரிந்து, கீழ் அறைகளுக்குப் போகும்.

இந்த வழி அறுந்துவிட்டால் அதுதான் முழு இதய அடைப்பு. மேல் அறைகள் தம் பாட்டுக்கு எழுபது, எண்பது என்று துடித்துக்கொண்டிருக்கும். கீழ் அறைகளுக்குச் செய்தி வராது. அவை சொந்த முயற்சியில் நிமிடத்துக்கு முப்பது, நாற்பது என்று ஏதோ சமாளிக்கும். சில சமயம் அதுவும் சில விநாடிகள் நின்றுபோகும். மூளைக்கு ரத்தம் போகாமல் ஆள் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுவார். கைகால் இழுக்கும். பார்ப்பவர்கள் வலிப்பு என்று நினைப்பார்கள். டப்ளின் நகர மருத்துவர்கள் ஆடம்ஸ், ஸ்டோக்ஸ் இருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதை எழுதி வைத்துவிட்டார்கள். ஆனால் 1950-கள் வரை இதற்கு உருப்படியான வைத்தியம் கிடையாது.

*

ராச்செஸ்டரிலிருந்து வடக்கே காரில் போனால் ஒன்றரை மணி நேரத்தில் மினியாப்பொலிஸ். அங்கே பல்கலைக்கழக மருத்துவமனையில் வால்ட்டன் லில்லஹை என்ற அறுவை மருத்துவர் 1950-களில் குழந்தைகளின் இதயத்தைத் திறந்து பிறவி ஓட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தார். ஓட்டையை ஒட்டித்தான் அந்த மெல்லிய மின்வழியும் போகிறது. தையல் ஊசி அதில் பட்டால், ஓட்டை மூடிவிடும், துடிப்பு நின்றுவிடும். அதனால் இதயத் தசையில் ஒரு வயரைச் செருகி, வெளியே ஒரு பெட்டியிலிருந்து மின்துடிப்பு கொடுத்தார்கள். பெட்டி சுவர் பிளக்கில் ஓடியது. குழந்தையை இன்னொரு அறைக்குக் கொண்டுபோக வேண்டுமானால் நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டும்.

1957 அக்டோபர் 31 அன்று நகரத்தில் மின்சாரம் போனது. ஒரு குழந்தை இறந்தது. பேட்டரியில் ஓடுகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று லில்லஹை ஏர்ல் பாக்கனிடம் கேட்டார். பாக்கன் மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் இளம் பொறியாளர். 1949-இல் மைத்துனரோடு சேர்ந்து ஒரு கராஜில் தொடங்கிய கடை அவருடையது. கடையின் பெயர் மெட்ரானிக். அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பொழுதுபோக்கு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை ஒன்றில் வந்திருந்த மெட்ரோனோம் சர்க்யூட்டை எடுத்துக்கொண்டார். நம் ஊர்ப் பாட்டு வகுப்பில் தாளம் தப்பாமலிருக்க டிக் டிக் என்று ஒலிக்க வைப்பார்களே, அதே வேலைதான். இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு பேட்டரி. ஒலிபெருக்கிக்குப் போகிற டிக்கை இதயத்துக்குப் போக விட்டார். நாலு வாரத்தில் பெட்டி தயார். நாயிடம் சோதித்துப் பார்க்கட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனவர், மறுநாள் வந்து பார்த்தபோது அது ஒரு குழந்தையின் மார்போடு இணைக்கப்பட்டிருந்தது.

அதே சமயம் பஃபலோ நகரத்தில் வில்சன் கிரேட்பாட்ச் என்ற பொறியாளர், இதய ஒலியைப் பதிவுசெய்ய ஒரு சர்க்யூட் கட்டிக்கொண்டிருந்தார். பத்தாயிரம் ஓம் ரெசிஸ்டர் வேண்டும். பெட்டிக்குள் கைவிட்டு எடுத்தது பத்து லட்சம் ஓம். எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், பழுப்பு கறுப்பு ஆரஞ்சுக்குப் பதில் பழுப்பு கறுப்பு பச்சை. மாட்டியதும் சர்க்யூட் ஒரு துடிப்பு, ஒரு விநாடி ஓய்வு, மறுபடி ஒரு துடிப்பு என்று ஓட ஆரம்பித்தது. 1958 மே மாதம் ஒரு நாயின் இதயம் அவர் செய்த கருவியின் சொல்படி துடித்தது. 1960-இல் சர்டாக், கேஜ் என்ற மருத்துவர்கள் அதை மனிதர்களுக்குப் பொருத்தினார்கள்.

ஆனால் மனித உடம்புக்குள் முதல் கருவி போனது ஸ்வீடனில்.

ஆர்னே லார்சனுக்கு அப்போது 43 வயது. ஒரு தொற்றுக்குப் பிறகு இதயத்தின் மின்வழி கெட்டுப்போய், ஒரு நாளைக்கு இருபது, முப்பது முறை மயங்கி விழுந்துகொண்டிருந்தார். அவருடைய மனைவி எல்ஸ்-மரீ, ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனை அறுவை மருத்துவர் ஓகே சென்னிங்கையும், பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட்டையும் விடாமல் போய்ப் பார்த்தார். மனிதருக்குப் பொருத்தும் அளவில் கருவி இன்னும் தயாராகவில்லை என்றார்கள். அப்படியானால் தயார் செய்யுங்கள் என்றார் அந்த அம்மாள். மருத்துவ வரலாறுகளில் இவருக்கு ஒரு பத்திதான் கிடைக்கிறது. என்னைக் கேட்டால் இந்தக் கதையின் பிராஜெக்ட் மேனேஜர் இவர்தான்.

எல்ம்க்விஸ்ட் இரண்டு டிரான்சிஸ்டர்களையும் ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல்-கேட்மியம் பேட்டரியையும் வைத்து சர்க்யூட்டைக் கட்டி, எபாக்ஸி பிசினை ஊற்றி உறைய வைத்தார். அச்சு வேண்டுமே? ஷூ பாலிஷ் டப்பா. என்.எஸ்.-இல் பூட்ஸ் தேய்த்த எல்லாருக்கும் பழக்கமான அந்த கிவி டப்பாதான். 1958 அக்டோபர் 8 மாலை, அதிகம் பேருக்குத் தெரியாமல் அறுவை நடந்தது. முதல் கருவி சில மணி நேரத்தில் நின்றுபோனது. கையிலிருந்த இன்னொன்றை மாட்டினார்கள். அதுவும் ரொம்ப நாள் ஓடவில்லை.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் தொழில் பேச ஆசை. நான் வேலை பார்ப்பது கிராஞ்சிப் பக்கம். எலக்ட்ரானிக் பலகைகளை 85 டிகிரி சூட்டில், 85 சதவீத ஈரப்பதத்தில் ஆயிரம் மணி நேரம் வைத்து எப்போது கெடுகிறது என்று பார்ப்பது எங்கள் பிழைப்பு. ஈரம் எங்கே நுழையும் என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. மனித உடம்பு என்பது 37 டிகிரியில் வைத்த உப்புத்தண்ணீர். எபாக்ஸி ஈரத்தை முழுக்கத் தடுக்காது. முதல் பத்து வருஷத்துக் கருவிகள் பாடாய்ப் படுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம். 1970-களில் டைட்டானியம் கூட்டுக்குள் வைத்து முழுக்கப் பற்றவைத்து மூடிய பிறகுதான் பிரச்சினை அடங்கியது. பேட்டரிக்கு என்னென்னவோ செய்து பார்த்தார்கள். 1970-இல் பாரிஸில் புளூட்டோனியத்தில் ஓடும் கருவியைக்கூடப் பொருத்தினார்கள். 1972-இல் வந்த லித்தியம்-அயோடின் பேட்டரி அதற்கெல்லாம் தேவையில்லாமல் செய்துவிட்டது.

லார்சன் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். மொத்தம் 26 கருவிகள். தனக்குக் கருவி செய்தவரும் பொருத்தியவரும் போன பிறகுதான் அவர் போனார். இறந்தது புற்றுநோயால்.

*

இப்போது அடுத்த அறை. லார்சன் படுத்திருந்த அதே கரோலின்ஸ்கா மருத்துவமனையில், அவருக்கு அறுவை நடந்த அடுத்த சில ஆண்டுகளில், ரோல்ஃப் லுஃப்ட் என்ற ஹார்மோன் மருத்துவர் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்குச் சிறுவயதிலிருந்தே ஓயாத வியர்வை. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு ஒட்டாது. சும்மா படுத்திருக்கும்போதே உடல் சாதாரண ஆளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் எரிபொருளை எரித்துக்கொண்டிருந்தது. தைராய்டு என்று நினைத்து அந்தச் சுரப்பியின் பெரும்பகுதியை வெட்டியும் பார்த்தாயிற்று. மாற்றமில்லை.

லுஃப்ட், உயிர்வேதியியலாளர் லார்ஸ் எர்ன்ஸ்டரையும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் நிபுணர் பியோர்ன் அஃப்செலியஸையும் சேர்த்துக்கொண்டார். தசையிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தபோது மைட்டோகாண்ட்ரியா எண்ணிக்கையிலும் உருவத்திலும் தாறுமாறாக இருந்தன. (இலங்கைப் பாடநூல்களில் இதற்கு 'இழைமணி' என்று பெயர். அழகான சொல். எனக்கு அது பழகியிருந்தால் அதையே எழுதியிருப்பேன்.) அவை ஆக்சிஜனை எரித்தன. ஆனால் எரித்ததற்கு ஏற்ற சக்தி சேமிப்பில் ஏறவில்லை, சூடாகப் போய்விட்டது. கியர் போடாமல் ஆக்சிலேட்டரை மிதிப்பதுபோல. 1962-இல் வெளிவந்தது கட்டுரை. ஒரு மனித நோயை இன்ன உறுப்பில் என்று சொல்லாமல் செல்லுக்குள் இருக்கும் ஒரு நுண்ணுறுப்பில் கொண்டுபோய் வைத்தது அதுதான் முதல் முறை.

அந்தச் 'சக்தி சேமிப்பு' என்பது ஏடிபி என்ற மூலக்கூறு. அதைத் தொட்டால் கதை ஒரு நிமிடம் சென்னைக்கு வரும். எல்லாப்ரகட சுப்பாராவ் பீமவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி என்று இங்கேயே படித்தவர். காந்தியின் பேச்சைக் கேட்டு கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. முழு எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் போய், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயோடு வேலை செய்தார். தசைக்குள் சக்தி எப்படி இருப்பு வைக்கப்படுகிறது என்று தேடி, 1927-இல் பாஸ்ஃபோகிரியேட்டினையும் 1929-இல் ஏடிபியையும் கண்டார்கள். அதே 1929-இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக ஏடிபியைக் கண்டுபிடித்தார். பாடப்புத்தகங்களில் லோமன் பெயர் பெரிதாகவும் சுப்பாராவ் பெயர் சின்னதாகவும் இருக்கும். ஹார்வர்டும் அவருக்கு நிரந்தர வேலை தரவில்லை.

ஏடிபியைப் பணம் என்று சொல்வது வழக்கம். இதயத்தைப் பொறுத்தவரை அது தினக்கூலி என்பேன். இதயத்தின் கையிருப்பு மிகக் கொஞ்சம், சில துடிப்புகளுக்குத்தான் வரும். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் துடிப்பு. ஒவ்வொன்றுக்கும் அப்போதைக்கப்போது சம்பாதித்தாக வேண்டும். அதனால்தான் இதயத் தசைச் செல்லின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மைட்டோகாண்ட்ரியாவே அடைத்துக்கொண்டிருக்கின்றன. கண்ணை அசைக்கும் தசைகளும் விழித்திரையும் இதேபோல ஓய்வறியாதவை. கேர்ன்ஸின் அந்த விசித்திரமான தலைப்பிலிருந்த மூன்று உறுப்புகளும் ஒரே பட்டியலில் வந்துவிடுகின்றன, பார்த்தீர்களா?

இப்போது சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. 1962-இல் இப்படி யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. லுஃப்ட்டின் நோயாளிக்கு இதய அடைப்பு இல்லை. கேர்ன்ஸின் நோயாளிகளுக்கு வியர்வைப் பிரச்சினை இல்லை. ஒருவர் ஹார்மோன் பிரிவு, இன்னொருவர் கண் பிரிவு. 1963-இல், அதே ஸ்டாக்ஹோமில், மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் தம்பதி கோழிக் கருவின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் டிஎன்ஏ இழைகளைப் பார்த்தார்கள். செல்லின் கருவுக்கு வெளியே தனியாக ஒரு மரபணுப் புத்தகம். பேஸ்மேக்கர், மைட்டோகாண்ட்ரியா நோய், மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ மூன்றும் ஐந்தே வருஷத்துக்குள் ஒரே நகரத்தில். நாவலில் எழுதினால் எடிட்டர் வெட்டிவிடுவார்.

*

கேர்ன்ஸ் 1965-இல் இன்னும் சிலரைச் சேர்த்து ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதினார். வர வர ஒரு வரிசை தெரிந்தது. பெரும்பாலும் இருபது வயதுக்குள் தொடங்குகிறது. முதலில் இமை தொங்கும். பிள்ளை எப்போதும் தூங்கிவழிகிறது, வகுப்பில் கவனமில்லை என்பார்கள். கண்கள் பக்கவாட்டில் திரும்பாமல் போகும், பார்க்க வேண்டுமானால் தலையையே திருப்ப வேண்டும். இரவில் பார்வை மங்கும். சிலருக்குக் காது கேட்பது குறையும், உயரம் நின்றுவிடும். நடை தள்ளாடும். இதயம் இந்த வரிசையில் எங்கே வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் அது வரும்போது மற்றவற்றைப் போல மெல்ல வருவதில்லை.

மருத்துவம் அப்போது இதற்குப் பெயர் வைப்பதில் மும்முரமாக இருந்தது. 1968-இல் டிராக்மன் என்ற நரம்பியலாளர், கண் வாதமும் கூட வரும் மற்றவையும் என்ற பொருளில் 'பிளஸ்' போட்டு ஒரு பெயர் வைத்தார். 'கூட இன்னும் ஏதேதோ' என்பதை இதைவிட நேர்மையாகச் சொல்ல முடியாது. 1972-இல் இந்த நோயாளிகளின் தசைத் துண்டில் சிவப்பு நிறத்தில் ஓரம் கிழிந்த துணி மாதிரி இழைகள் தெரிவதாக ஓல்சன், எங்கெல் முதலியோர் எழுதினார்கள். அந்தச் சிவப்பு, விளிம்பில் குவிந்துகிடந்த கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியா. கதவு கொஞ்சம் திறந்தது.

1981-இல் கேம்பிரிட்ஜில் மனித மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ முழுவதும் படிக்கப்பட்டது. 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். 1988-இல் லண்டனில் இயன் ஹோல்ட், அனிட்டா ஹார்டிங், ஜான் மார்கன்-ஹ்யூஸ் மூவரும் தசை நோயாளிகளிடம் இந்த டிஎன்ஏவின் ஒரு பெரிய துண்டே காணாமல் போயிருப்பதைக் காட்டினார்கள். ஒரு மனித நோய்க்கு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ காரணம் என்பதற்கு முதல் நேரடிச் சாட்சி. அதே ஆண்டில் நியூயார்க்கில் மாசிமோ செவியானியும் சால்வத்தோரே டிமௌரோவும் சேர்ந்த குழு, கேர்ன்ஸ்-சேயர் நோயாளிகளிடமும் அதே இழப்பைக் கண்டது. அடிக்கடி காணாமல் போகும் துண்டின் நீளம் 4,977 எழுத்துகள். முப்பது வருஷம் கழித்து, கண்ணும் இதயமும் ஒரே கட்டுரைக்குள் ஏன் வந்தன என்பதற்குப் பதில் கிடைத்தது.

ஒரு செல்லுக்குள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இந்த டிஎன்ஏவின் பிரதிகள் இருக்கும். சில முழுசு, சில துண்டு போனவை. நல்ல பிரதிகள் ஒரு அளவுக்குக் கீழே குறையும்வரை செல் சமாளித்துவிடும். ரத்தச் செல்கள் பிரிந்து பிரிந்து புதிதாகிக்கொண்டே இருப்பதால் கெட்டவை அங்கே கழிந்துபோகும். தசையிலும் இதயத்திலும் அவை தங்கிவிடும். எனவே இந்த நோயில் ரத்தப் பரிசோதனை 'ஒன்றுமில்லை' என்று சொல்லக்கூடும். தசைத் துண்டு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும் என்பது இப்போது எல்லாருக்கும் தெரிந்த பொது அறிவு. ஆதிக்குடிகள், இடப்பெயர்வு என்று நாம் வாசிக்கும் மரபணுக் கட்டுரைகளெல்லாம் அதைத்தான் சொல்கின்றன. ஹைதராபாத் சிசிஎம்பியில் குமாரசாமி தங்கராஜும் சகாக்களும் அந்தமான் பழங்குடிகளின் தாய்வழியை 2005-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதியது இதை வைத்துத்தான். நம் நாட்டு மைட்டோகாண்ட்ரியா நோயாளிகளின் டிஎன்ஏவைப் படிப்பதும் அதே ஆய்வுக்கூடம்தான். ஆனால் இந்தப் பொது அறிவு பாதியாக வீட்டுக்குள் வரும்போது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். "மைட்டோகாண்ட்ரியா நோயா? அப்ப அம்மா வழிதான்." பிள்ளைக்கு எது வந்தாலும் மருமகள் பக்கம் விரல் நீட்டப் பழகிய குடும்பங்களுக்கு அறிவியல் வேறு கையில் கிடைத்துவிடும்.

கேர்ன்ஸ்-சேயரில் அந்தக் கணக்கு பொருந்தாது. துண்டு காணாமல் போவது பெரும்பாலும் தற்செயலாக, கருமுட்டையிலோ கரு உருவாகும் தொடக்கத்திலோ ஒரு தடவை நடப்பது. அம்மாவின் உடம்பில் அது இருக்காது. 2004-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, நோயில்லாத தாய்க்கு அடுத்த பிள்ளைக்கும் இது வர வாய்ப்பு மிகக் குறைவு என்றது. நோயுள்ள பெண்ணே தாயானாலும் பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு சுமார் 24-இல் ஒன்றுதான். புள்ளியில் ஒரே ஒரு எழுத்து மாறும் வேறு சில மைட்டோகாண்ட்ரியா நோய்கள் தாய்வழியே வருபவைதான். அவற்றில் 3243-ஆம் எழுத்து மாறும் வகை முக்கியமானது, ஜப்பானில் 1990-இல் கண்டறியப்பட்டது. அதில் இதயம் கெடும் விதமும் வேறு. வயர் அறுவதைவிட, தசை தடிப்பதும், மின்சாரம் செல்ல குறுக்கு வழி ஒன்று இருப்பதும் அதிகம். ஒரே பெயரின் கீழ் எல்லாவற்றையும் போட்டுக் குலுக்கக் கூடாது.

*

பதில் கிடைத்த பிறகு வைத்தியம் என்ன ஆனது? இதுதான் எனக்கு இந்த வரலாற்றில் உறுத்தும் இடம். காணாமல் போன 4,977 எழுத்துகளைத் திரும்ப எழுத இன்றைக்கும் வழியில்லை. கேர்ன்ஸ்-சேயர் நோயாளியின் உயிரை நேரடியாகக் காப்பாற்றும் காரியம் இப்போதும் பாக்கனும் எல்ம்க்விஸ்ட்டும் கிரேட்பாட்ச்சும் கட்டிய அதே டிக் டிக் கருவிதான். காரணம் என்னவென்றே தெரியாத காலத்தில், வேறு யாருக்கோ, வேறு எதற்கோ செய்தது. ஒரு பொறியாளனாக எனக்கு இதில் பெருமைப்படத் தோன்றுகிறது. உடனே கொஞ்சம் சங்கடமாகவும் இருக்கிறது. எங்கள் தொழிலில் கோளாறின் வேர் தெரியாமல் ஒட்டுப் போடுவதைக் கெட்ட பழக்கம் என்றுதான் சொல்லித் தருவார்கள்.

காரணம் தெரிந்ததால் மாறியது ஒன்று உண்டு, எப்போது பொருத்துவது என்பது. சாதாரணமாக வயதானவர்களின் இதய அடைப்பில் மருத்துவர்கள் மயக்கம், தலைசுற்றல் என்று அறிகுறிகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள். முதல் நிலை அடைப்பு என்றால் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேர்ன்ஸ்-சேயரில் அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்து. கெடுவது பெரும்பாலும் மேலே இருக்கும் தவாரா முடிச்சு அல்ல, அதற்குக் கீழே ஹிஸ் கற்றையும் அதன் கிளைகளும். ஈசிஜியில் இன்று ஒரு கிளை மட்டும் மங்கியிருக்கும். அடுத்த முறை முழு அடைப்பாக இருக்கலாம். அடுத்த முறை என்பது மருத்துவமனைக்கு வெளியே, பள்ளிக்கூட மைதானத்தில் நேரலாம். 2008-இல் அமெரிக்க இதய அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டி, கேர்ன்ஸ்-சேயர் போன்ற நோய்களில் முழு அடைப்பு வந்துவிட்டால் அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேஸ்மேக்கர் வேண்டும் என்றது. லேசான அடைப்பு இருந்தாலே பரிசீலிக்கலாம் என்றும் சொன்னது. 2018 வழிகாட்டி இன்னும் ஒரு படி போய், தேவைப்பட்டால் அதிர்ச்சி கொடுத்து மீட்கும் வசதியுள்ள கருவியையே யோசிக்கச் சொல்கிறது. ஏனென்றால் பேஸ்மேக்கர் வைத்த பிறகும் வேகமான தாறுமாறு துடிப்பால் சிலர் இறந்திருக்கிறார்கள்.

நடைமுறையில் இது எங்கே முடிகிறது என்றால், இமை தொங்குகிறது என்று கண் டாக்டரிடம் வரும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு யாராவது ஒரு ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும். பிறகு வருஷா வருஷம் எடுக்க வேண்டும். அந்த இரண்டு அறைகளுக்கும் நடுவே கதவைத் திறப்பது என்றால் நடைமுறையில் அவ்வளவுதான். கேர்ன்ஸ் 1958-இல் தலைப்பிலேயே அதைத்தான் எழுதியிருந்தார்.

பதினைந்து வயதில் பொருத்தினால் அதற்கப்புறம் ஒரு பேட்டரிக் கணக்கு தொடங்கும். இன்றைய கருவி ஒன்று ஏறத்தாழ பத்து வருஷம் ஓடும். மாற்றும் ஒவ்வொரு முறையும் தோலைத் திறக்க வேண்டும், தொற்றுக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும். பணமும் வேண்டும். மின்னசோட்டா கராஜில் தொடங்கிய மெட்ரானிக் 2011-இல் நம் சிங்கப்பூரிலேயே பேஸ்மேக்கர் செய்யும் ஆலையைத் திறந்தது. ஒரு கருவி எங்கே செய்யப்படுகிறது என்பதும் அது யாருக்குக் கிடைக்கிறது என்பதும் வேறு வேறு கேள்விகள். தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற நம் ஆட்களில் யாருக்காவது ஊரில் ஒரு பிள்ளைக்கு இது வேண்டுமென்றால், அந்தக் குடும்பம் முதலில் கேட்பது விலையாகத்தான் இருக்கும்.

கிராஞ்சியிலிருந்து மண்டாய் தகனச் சாலை பக்கம்தான். உடலைத் தகனம் செய்வதற்கு முன் பேஸ்மேக்கரை எடுத்துவிட வேண்டும். சூட்டில் பேட்டரி வெடிக்கும். 1976-இல் இங்கிலாந்தின் சோலிஹல் நகரத் தகனச் சாலையில் அப்படி வெடித்ததுதான் முதலில் பதிவானது. எடுத்த கருவிகள் பெரும்பாலும் குப்பைக்குப் போகின்றன. அவற்றில் சிலவற்றில் பேட்டரி இன்னும் பல வருஷங்களுக்கு இருக்கும். அமெரிக்காவின் இறுதிச்சடங்கு நிலையங்கள் தானமாகக் கொடுத்த அப்படிப்பட்ட கருவிகளைச் சோதித்து, கிருமி நீக்கி, மும்பை ஹோலி ஃபேமிலி மருத்துவமனையில் வாங்க வசதியில்லாத 53 பேருக்குப் பொருத்தினார்கள். 2012-இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. தொற்று இல்லை, கருவிகள் கெடவில்லை. ஒருமுறை பொருத்திய கருவியை இன்னொருவருக்குப் பொருத்த அமெரிக்கச் சட்டம் அங்கே அனுமதிப்பதில்லை.